கண்ணாடி இல்லாத கூடம்

வெள்ளவத்தை,
4 ஜூன் 1979

மாக்ரெட்டுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கக் கை வரவில்லை. நீங்கள் நலமாக இல்லை என்று தெரியும். நானும் இல்லை. உங்கள் வீட்டில் போன் கிடையாது. பள்ளிக்கூட ஆபீசுக்கு எடுத்தால் சிஸ்டர் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். நேரில் வந்தால் இரண்டு பேரும் கத்துவோம். மிஞ்சியது தபால்தான்.

உங்கள் விசில் இங்கே ஜன்னல் கட்டையில் கிடக்கிறது. சனிக்கிழமை போகிற வேகத்தில் அதை மறந்துவிட்டீர்கள்.

நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். இந்தக் கூடத்தில் கண்ணாடி வேண்டாம், பாட்டு வேண்டாம், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது வேண்டாம் என்று நாம் இருவரும்தான் முடிவு செய்தோம். டீச்சர் முன்னால் நின்று ஆடிக் காட்டக் கூடாது, பின்னால் உட்கார்ந்து கேள்வி மட்டும் கேட்க வேண்டும். வருகிற பெண் தன் நாளிலிருந்து ஓர் அசைவைக் கொண்டுவர வேண்டும். தேங்காய் துருவுவது, துணி பிழிவது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது, எதுவானாலும் சரி. அதை மிக மெதுவாகச் செய்து, தன் உடம்பு என்ன செய்கிறது என்று அவளே கவனிக்க வேண்டும். யாரும் யாரையும் தொட்டுத் திருத்தக் கூடாது. உங்கள் சமையலறையில் பாண் தின்றுகொண்டே இதற்கெல்லாம் தலையாட்டினீர்கள்.

முதல் வகுப்பில் அரை மணி நேரம்கூடப் போகவில்லை. தையல்கார ருக்கியா இடது தோளைக் காது வரைக்கும் தூக்கிக்கொண்டு நின்றாள். நீங்கள் போய் இரண்டு கையாலும் அந்தத் தோளை அமுக்கி நேராக்கினீர்கள், அசெம்பிளியில் பிள்ளைகளுக்குச் செய்வது மாதிரி. அவள் அழுதுவிட்டாள். நான் எல்லார் முன்னாலும் "வெளிய போங்க மாக்ரெட்" என்றேன். சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை.

இப்போது கூடத்தின் கதை. ஹெக்டர் மாத்தையா இந்த மேல்மாடியை ஆகஸ்ட் முடிகிற வரைக்கும் பார்க்கலாம் என்றுதான் தந்தார். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். தனியொரு பெண்ணுக்குத் தரமாட்டாராம். டியூஷன் வகுப்புக்காரர்கள் இப்போதே வாசலில் காத்திருக்கிறார்கள். உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால் எனக்குக் கூடம் இல்லை. பள்ளிக்கூடத்து நடன வேலையை இதற்காகத்தான் விட்டேன். உடைந்த கணுக்காலை வைத்துக்கொண்டு இனி அடவு சொல்லிக்கொடுக்கவும் முடியாது. என் அண்ணன் சுப்புராமன் செட்டியார் தெருக் கடையில் எனக்கு ஒரு மேசை போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டார். அந்த மேசையை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருப்பேன்.

நாச்சம்மை


கொட்டாஞ்சேனை,
8 ஜூன் 1979

அன்புள்ள நாச்சம்மை அம்மையாருக்கு,

பதினான்கு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்து, என் சோற்றுப் பார்சலில் கை போட்டுத் தின்றவர், இப்போது 'நீங்கள்' என்று எழுதுகிறீர். இது மரியாதையா, கதவடைப்பா? நான் மட்டும் வழக்கம்போல 'நீர்' என்றே எழுதப்போகிறேன். எனக்கு ஒரு நாளில் பழக்கம் மாறாது.

கோணல் தோளைக் கண்டால் என் கை தானாகப் போகும். தையல்காரிக்குக் கோணல் விளிம்பைக் கண்டால் கை போவதில்லையா? வெயிலில் நின்று, விசில் ஊதி, இந்தக் கொட்டாஞ்சேனையின் பாதிப் பெண் பிள்ளைகளுக்கு முதுகை நிமிர்த்தியவள் நான். ஒருத்தியும் அழவில்லை. அழுதிருந்தாலும் நிமிர்ந்துகொண்டுதான் அழுதிருப்பாள்.

நீர் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர். பிள்ளைகள் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் ஒருவரும் இல்லை. இதற்குப் பெயர் வகுப்பா, பஸ்ஸா? போதாக்குறைக்குப் பெயர்ப்பலகையில் 'அசைவகம்' என்று எழுதிவைத்தீர். முதல் நாளே ஓர் ஐயா படியேறி வந்து "மட்டன் ரோல்ஸ் இருக்கா மிஸ்?" என்று கேட்டதை மறந்துவிட்டீரா? நான்தானே அவரைக் கீழே அனுப்பினேன்.

ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஸ் மிதிபலகையில் இருந்து விழுந்து, மாவுக்கட்டோடு மாதக்கணக்காகக் கிடந்தீரே, அதில்தான் இந்த ஞானமெல்லாம் பிறந்தது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறீர். 'எழுந்து நடப்பதை யாரும் காட்டித் தர முடியாது, ஒவ்வொருவரும் தானே கண்டுபிடிக்க வேண்டும்' என்கிறீர். நல்லது. கட்டு வெட்டிய அன்று கட்டிலில் இருந்து உம்மை எழுப்பிய கை யாருடையது? அந்தக் கையைத்தான் வெளியே போகச் சொன்னீர்.

எனக்கு வேறு வேலை வந்திருக்கிறது. எங்கள் ஒழுங்கையில், இந்தச் சந்துக்குள் இருக்கிற கோயிலில், ஆகஸ்டில் மாதா திருநாள். மாதா சுரூபத்தை எட்டுப் பேர் தோளில் சுமந்து சுற்றுப்பிரகாரம் வருவது உமக்குத் தெரியும்தானே. இந்த வருடம் அவர்கள் ஒழுங்காக, ஒரே தாளத்தில் நடக்க வேண்டுமாம், ட்றில் கொடுக்கச் சொல்லிப் பங்குச் சுவாமி என்னைக் கேட்டிருக்கிறார். விசில் ஊதலாம். எண்ணலாம். யாரும் அழமாட்டார்கள்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டீர். போட மனம் இல்லை. ஹெக்டர் மாத்தையாவிடம் இப்போதே சொல்லிவிடும்.

மாக்ரெட்

பி.கு.: விசிலை அனுப்ப வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஒன்று எடுத்துக்கொண்டேன்.


வெள்ளவத்தை,
25 ஜூன் 1979

மாக்ரெட்,

ஹெக்டர் மாத்தையாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை, ஆகஸ்ட் முடிகிற வரைக்கும்.

கோபத்தில்தான் இருந்தேன். ஆனால் போன சனிக்கிழமை இங்கே ஒன்று நடந்தது. இதைச் சொல்ல எனக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. அண்ணனிடம் சொன்னால் "தையல் மெஷின் இல்லாமல் தைத்தாளா?" என்று சிரிப்பார்.

ருக்கியா திரும்பி வந்தாள். முதல் இரண்டு வாரம் சுவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கூப்பிடவில்லை. சனிக்கிழமை அவளாக ஒரு ஸ்டூலை எடுத்து நடுவில் போட்டு, "நான் செய்றன் டீச்சர்" என்றாள். என்ன கொண்டுவந்திருக்கிறாள் என்று கேட்டேன். "மெஷின் மிதிக்கிறது" என்றாள்.

எங்கள் கூடத்துத் தளம் மரம் என்பது உங்களுக்குத் தெரியும். கடலோரத் தண்டவாளத்தில் ரயில் வரும்போது, காதுக்குக் கேட்பதற்கு முன்னாலேயே தளம் நடுங்கும். முதல் நாள் அதை ஒரு தொல்லை என்று இருவரும் முணுமுணுத்தோம். ருக்கியா கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கத் தொடங்கினாள். வெறும் தரையில் பாதங்கள் இரண்டும் மேலும் கீழும் போயின. மெதுவாக, மெதுவாக. அந்த மிதி முழங்காலில் ஏறியது, இடுப்பில் ஏறியது, முதுகெலும்பில் ஒவ்வொன்றாக ஏறியது. வலது கை துணியைத் தள்ளியது. இல்லாத துணியை. ஆனால் அதன் மடிப்புகூட எனக்குத் தெரிந்தது. இடது கை மட்டும் தைக்கவில்லை. அது மார்போடு வளைந்து எதையோ ஏந்திக்கொண்டிருந்தது. இடது தோள் காது வரைக்கும் உயர்ந்திருந்தது, நீங்கள் அமுக்கினீர்களே, அதே தோள். தலை அந்தப் பக்கம் சாய்ந்து, கன்னம் தோளில் பட்டும் படாமலும் நின்றது.

கனகேஸ்வரி அக்காதான், அந்த ரிட்டயர்டு கிளார்க் அம்மா, முதலில் வாயில் கையை வைத்தார். பிறகு எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. அங்கே ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கையில் இல்லாத பிள்ளையை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பதினெட்டு வருடம் மேடையில் ஆடினேன். அபிநயத்துக்குப் பரிசு வாங்கினேன். யசோதையாக எத்தனை தடவை பிள்ளையைத் தூக்கியிருப்பேன். அது ஒன்றிலும் பிள்ளை இருக்கவில்லை என்று அந்த நிமிடத்தில் தெரிந்தது.

முடிந்ததும் ருக்கியா கண் திறந்து, எங்களைப் பார்த்து வெட்கப்பட்டாள். "என்ட மூத்த மகன் டீச்சர். கைப்பிள்ளையா ஈக்கக்குள்ள கீழ போட்டா அழுவான். தோள்ல போட்டுக்கொண்டேதான் தைச்சன்." அந்த மகனுக்கு இப்போது மீசை இருக்கிறதாம். துபாயில் லொறி ஓட்டுகிறானாம். தோள் மட்டும் இன்னும் அவனை இறக்கி வைக்கவில்லை.

பிறகு நாங்கள் எல்லாரும் ஸ்டூலில் உட்கார்ந்து ருக்கியாவின் அசைவைச் செய்தோம். அன்றைக்கு அவள்தான் டீச்சர். ரயில் வந்தது. தளம் நடுங்கியது. எல்லாருடைய கையும், தானாக, அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.

உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

நாச்சம்மை


கொட்டாஞ்சேனை,
10 ஜூலை 1979

நாச்சம்மை,

கடைசி வரியில் 'உன்னிடம்' என்று எழுதியிருக்கிறீர். கவனித்தேன். தவறிப்போய் எழுதினீரென்றால் வெட்டிவிடும், நான் கண்டும் காணாமல் இருக்கிறேன்.

ருக்கியாவின் கதையை இரண்டு முறை வாசித்தேன். நல்ல கதைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். பிள்ளையை இறக்கி வைக்க அவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அந்தத் தோள் வலிக்காதா? பார்த்துச் சிலிர்த்துவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போனால் போதுமா? உம்முடைய கேள்விகளுக்கு நடுவில் இந்தக் கேள்வியையும் வைத்துக்கொள்ளும்.

இங்கே வேலை மும்முரம். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கோயில் முற்றம். எட்டுப் பேரும் துறைமுகத்து ஆட்கள், மூட்டையும் சங்கிலியும் தூக்கிப் பழகிய தோள்கள். பலத்துக்குக் குறைவில்லை, ஒழுங்குதான் இல்லை. ஒருவன் குதித்து வருகிறான், ஒருவன் இழுத்து நடக்கிறான். உயரம் பார்த்து முன்னும் பின்னும் மாற்றினேன். மாதா சுரூபத்தை வைக்கும் பலகை நீண்ட மரத்தண்டுகளின் மேல் இருக்கிறது. பழக்கத்துக்கு அதன் மேல் இரண்டு சீமெந்துப் பையை ஏற்றி, விசில் ஊதி, இடது வலது என்று நடக்கவைத்தேன். முதல் கிழமை சிரித்தார்கள். இப்போது ஆர்மி மாதிரிப் போகிறார்கள். சுவாமி பார்த்துவிட்டு "நல்லா இருக்கு மிஸ்" என்றார்.

ஒரு மாற்றம் செய்தேன். எங்கள் அண்ணன் நிக்கலஸை உமக்குத் தெரியும். துறைமுகத்தில் வின்ச் கம்பி அறுந்து அடித்த காலத்தில் இருந்து ஒரு கால் கட்டை. பின்பக்கத்து இடது மூலைத் தண்டு எப்போதும் அவருடையது. அவர் தாங்கித் தாங்கி நடப்பது வரிசைக்குப் பொருந்தவில்லை. எவ்வளவு ஊதினாலும் அவருடைய கால் அரைத் தாளம் பிந்துகிறது. அதனால் அவரை எடுத்துவிட்டுப் பற்றிக் என்ற பொடியனைப் போட்டேன். நல்ல உயரம், தென்னை மாதிரி நேரானவன். சொந்த அண்ணனுக்கே சலுகை காட்டவில்லை என்று கமிட்டியில் என்னைப் பற்றிப் பெருமையாகக் கதைக்கிறார்களாம்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. தண்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

கையெழுத்து விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

மாக்ரெட்


வெள்ளவத்தை,
23 ஜூலை 1979

மாக்ரெட்,

வெட்டவில்லை. 'உன்னிடம்' என்றுதான் எழுதினேன். இனி அப்படித்தான் எழுதப்போகிறேன்.

வேல் விழாவுக்கு வரும் கூட்டத்துக்காகக் காலி வீதியில் பந்தல் போடத் தொடங்கிவிட்டார்கள். கரும்பு வந்திருக்கிறது. இதை எழுதும்போது கீழே யாரோ பலூன் ஊதி ஊதி வெடிக்கவைக்கிறான். ஒவ்வொரு வெடிக்கும் நான் துள்ளுகிறேன். என் மனம் அந்த நிலையில் இருக்கிறது.

சனிக்கிழமை நான் ஓர் ஆளைக் கிட்டத்தட்டப் பயத்தில் சாகடித்தேன். எல்லாரும் தரையில் படுத்திருந்தார்கள். படுக்கையில் இருந்து எழுவதை அன்றைக்கு எடுத்திருந்தோம். அது எவ்வளவு பெரிய வேலை என்று நமக்கு நோய் வந்தால்தான் தெரியும். நான் பின்னால் உட்கார்ந்து, வழக்கம்போல மெல்லக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். கனகேஸ்வரி அக்காவுக்குப் பாதியில் தலை சுற்றிவிட்டது. ஒரு முழங்கையை ஊன்றியபடி, மேலேயும் வர முடியாமல், கீழேயும் போக முடியாமல், முகம் வெளுத்துக் கிடந்தார். மூச்சு வாங்கியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே, இனிமையான குரலில், "இப்ப உங்க உடம்பு எங்க தரையைத் தொடுது, கவனிங்க" என்றேன்.

அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "கேள்வியைப் பிறகு கேளும் பிள்ளை. முதல்லை கையைத் தாரும்."

என்னால் எழும்ப முடியவில்லை. தொடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அந்தச் சட்டம் என்னைப் பாயோடு கட்டிப்போட்டுவிட்டது. ருக்கியாதான் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் தன் முழங்காலைக் கொடுத்து உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். எல்லாரும் என்னைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

நீ இருந்திருந்தால் அக்காவின் முழங்கை நடுங்க முன்னமே அங்கே இருந்திருப்பாய். உன் கை போயிருக்கும். கட்டு வெட்டிய அன்றும் அப்படித்தான் வந்தது. அன்றைக்கு நான் எழுந்து நின்றதும், ஜன்னல் வழியாகத் தெரிந்த முருங்கை மரம் திடீரென்று உயரம் குறைந்த மாதிரி இருந்தது. நின்றுவிட்டேன் என்ற அதிசயத்தில் மரத்தைத்தான் பார்த்தேன். பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை. நீ எழுதிய பிறகுதான் அந்தக் கையின் சூடு ஞாபகம் வருகிறது. என்னை இழுக்கவில்லை நீ. நான் எழும் மட்டும் காத்திருந்தாய், மாக்ரெட். அதை நீயும் மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.

நான் கேள்வி வைத்திருக்கிறேன், கை இல்லை. உன்னிடம் கை இருக்கிறது. இது ஹெக்டர் மாத்தையாவின் தாளுக்காக எழுதுவது இல்லை. அதுவும் வேண்டும்தான், பொய் சொல்லமாட்டேன்.

நிக்கலஸ் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்டாயா?

நாச்சம்மை


கொட்டாஞ்சேனை,
20 ஆகஸ்ட் 1979

அன்புள்ள நாச்சம்மை,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் ரோஷம். அதை விடும். நேற்றுத் திருநாள் முடிந்தது. விடிந்ததும் உமக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடம் லீவு. அடுப்பில் எதையும் வைக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் சுற்றுப்பிரகாரம் கிளம்பியது. ஒழுங்கை முழுக்கக் குருத்தோலை, கொடி, சனம். வத்தளை, ஹெந்தளைப் பக்கத்தில் இருந்தெல்லாம் வந்திருந்தார்கள். என் எட்டுப் பேரும் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார்கள். தண்டைத் தோளில் வைத்தார்கள். நான் முன்னால் நின்று விசில் ஊதினேன். இடது, வலது.

கோயில் வாசல் தாண்டியதுமே மாதா ஆடத் தொடங்கினா.

முதலில் கொஞ்சம். பூமாலைதான் காற்றில் ஆடுகிறது என்று நினைத்தேன். பிறகு தலையில் வைத்த முடி ஆடியது. கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் சுரூபம் இடது பக்கம் சாய்ந்து திரும்பியது. பெண்கள் "ஐயோ மாதாவே" என்று கையை உயர்த்தினார்கள். நான் இன்னும் பலமாக ஊதினேன். அவர்கள் இன்னும் ஒழுங்காக நடந்தார்கள். எவ்வளவு ஒழுங்காக நடந்தார்களோ அவ்வளவுக்கு மாதா ஆடினா. பற்றிக் பொடியனின் முகம் வியர்த்து ஓடியது. பாவம், அவனில் ஒரு பிழையும் இல்லை. சீமெந்துப் பை ஆடாது நாச்சம்மை. கிடந்த இடத்தில் கிடக்கும். நிற்கிற மாதாவை வைத்து நான் ஒரு நாளும் பழக்கவில்லை.

சந்தியில் திரும்பும்போது சுரூபம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே விட்டது. யாரோ அலறினார்கள். அப்போது சனத்துக்குள் இருந்து அண்ணன் வந்தார், தாங்கித் தாங்கி. ஒருவரையும் பார்க்கவில்லை. பற்றிக்கின் முதுகில் தட்டி "விடு மல்லி, விடு தம்பி" என்றார். தண்டுக்குக் கீழே தோளைக் கொடுத்தார்.

சுரூபம் நின்றது. நிக்கலஸ் அண்ணன் ஒரு அடி வைத்தார். அவருடைய கட்டைக் கால் இறங்கியது. மாதா அசையவில்லை. அடுத்த அடி. மாதாவின் கையில் இருந்த ஜெபமாலைகூட நேராகத் தொங்கியது. தண்ணீரில் போகிற மாதிரிப் போனா. சனம் அப்படியே அடங்கிவிட்டது. பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்னால் நிற்க வேண்டியவள், பின்னால் ஓடிப்போனேன். பின்னால் இருந்து பார்த்தேன், நீர் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி. அப்போதுதான் கண்டேன். எட்டுப் பேரும் தாங்கித் தாங்கி நடந்தார்கள்.

நாச்சம்மை, எட்டுப் பேரும். முன்னால் நிற்கிறவன் கொஞ்சம் முழங்காலை மடித்துக் கொடுக்கிறான். நடுவில் நிற்கிறவன் இடுப்பை இறக்குகிறான். அண்ணனுடைய கால் இறங்குகிற அதே நொடியில் மற்ற ஏழு உடம்பும் அந்த இறக்கத்தைப் பங்கு போட்டு வாங்கிக்கொள்கின்றன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் எண்ணவில்லை. கேட்டால் அவர்களுக்கே தெரியாது. வருடக்கணக்காக ஒரே தண்டுக்குக் கீழே நின்று, அண்ணனின் நொண்டலை அத்தனை பேரும் தங்கள் எலும்புக்குள் எடுத்துவைத்திருக்கிறார்கள். அந்த நொண்டலின் மேல்தான் மாதா இத்தனை காலமும் ஆடாமல் நின்றிருக்கிறா. அதைத்தான் நான் பிழை என்று எடுத்துப் போட்டேன்.

விசில் என் வாயில் இருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. நடுவீதியில் நின்று அழுதேன். வெட்கத்தில் அழவில்லை. வெட்கம் பிறகுதான் வந்தது. அது அவ்வளவு அழகாக இருந்தது, அதனால் அழுதேன். இத்தனை வருடம் உடம்புகளோடேயே வாழ்ந்தேன். ஒரு உடம்பையாவது பார்த்திருக்கிறேனா?

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் கேட்டேன், நீர் சொன்னபடி. "ஏன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் தோளில் எண்ணெய் தடவிக்கொண்டு, "எனக்கும் தெரியாது தங்கச்சி. நான் அவங்களுக்குப் பாரம் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான்" என்றார்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

சனிக்கிழமை வரலாமா? டீச்சராக வரவில்லை. பாயைப் போட்டு மற்றவர்களோடு உட்காருகிறேன். ருக்கியா சம்மதித்தால் மட்டும். ஓர் அசைவு கொண்டுவர வேண்டுமே, அதுதான் பயமாக இருக்கிறது. எனக்கென்று ஒன்று இருக்கிறதா என்று காலையில் இருந்து யோசிக்கிறேன். எல்லாம் மற்றவர்களுக்குக் காட்டிய அசைவுகள்தான்.

உம்முடைய,
மாக்ரெட்


வெள்ளவத்தை,
26 ஆகஸ்ட் 1979

என் மாக்ரெட்டுக்கு,

நேற்றுப் பின்னேரம் முழுக்கப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனவளுக்கு இன்றைக்கு என்ன கடிதம் என்று கேட்பாய். கூடத்தில் கண்ணாடி இல்லை. நீ உன்னைப் பார்க்கவில்லை. பார்த்தவள் எழுதியாக வேண்டும்.

நீ எழுந்து நடுவில் வந்தாய். "எனக்கு இது ஒண்டுதான் இருக்கு" என்றாய். வலது கையை வயிற்றடியில் இருந்து மெல்ல உயர்த்தினாய். விரல்கள் இரண்டும் எதையோ பிடித்திருந்தன. அது விசில் என்று எல்லாருக்கும் உடனே தெரிந்துவிட்டது. வகுப்பில் இளையவள், சிட்டாளின் மகள், லேசாகச் சிரித்தாள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன். ருக்கியா மட்டும் சிரிக்கவில்லை.

நீ அவசரப்படவில்லை. அவ்வளவு மெதுவாக நீ எதையும் செய்து நான் பார்த்ததில்லை. கை மார்புக்கு வந்தது. அப்போது உன் கண் எங்களைப் பார்த்தது, ஒவ்வொருவராக, வரிசையின் இந்தத் தலையில் இருந்து அந்தத் தலை வரைக்கும். மைதானத்தில் ஒரு பிள்ளையாவது கவனிக்காமல் நிற்கிறதா, ஒருத்திக்காவது வெயிலில் மயக்கம் வருகிறதா என்று பார்க்கிற பார்வை. ஒருவரும் விடுபடவில்லை. கை உதட்டுக்கு வந்தது. நீ மூச்சை இழுத்தாய்.

மாக்ரெட், அந்த மூச்சை எப்படி எழுதுவேன்? உன் விலாக்கள் இரண்டு பக்கமும் திறந்தன. தோள்கள் அகன்றன. கழுத்து நீண்டது. முந்நூறு பிள்ளைகள் நிற்கிற மைதானம் முழுவதற்கும் போதுமான மூச்சு அது. உன்னோடு சேர்ந்து நாங்கள் எல்லாரும் இழுத்தோம். யாரும் சொல்லவில்லை. கனகேஸ்வரி அக்காவின் கூன்முதுகு நிமிர்ந்ததை என் கண்ணால் கண்டேன். வாசலில் தாளோடு நின்ற ஹெக்டர் மாத்தையாவின் தொந்திகூட உள்ளே போனது.

நீ ஊதவில்லை. அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தளம் நடுங்கியது. ரயில் வந்து, கடந்து, போனது. அது போய் முடிந்த பிறகுதான் மெல்ல விட்டாய். நாங்களும் விட்டோம்.

பதினான்கு வருடம் ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் இருந்து அந்த விசிலைக் கேட்டுக் காதைப் பொத்தியிருக்கிறேன். அதற்கு முன்னால் இப்படி ஒரு மூச்சு இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நீ அந்தப் பிள்ளைகளை நிமிர்த்தினது சத்தத்தால் இல்லை. உன்னோடு சேர்ந்து அவர்களும் மூச்சை இழுத்தார்கள், அவ்வளவுதான். எனக்குக் கைகூப்பத் தோன்றியது. கூப்பினேன், நீ பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்தாய், ஆனாலும் எழுதிவைக்கிறேன். ருக்கியா எழுந்து உன் முன்னால் வந்து, திரும்பி நின்று, அந்த இடது தோளைக் காட்டினாள். "இப்ப வைங்கோ டீச்சர்" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நீ கையை வைத்தாய். அமுக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டு, நான் கட்டிலில் இருந்து எழும் மட்டும் காத்திருந்தாயே, அதே மாதிரிக் காத்திருந்தாய். தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு பழையபடி ஏறிவிட்டது. ருக்கியா சிரித்து, "அடுத்த கிழமையும் பார்ப்பம்" என்றாள்.

ஹெக்டர் மாத்தையா தாளை என்னிடம் தந்து, "ஹரி, ஹரி" என்று, சரி சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு, இறங்கிப்போனார். உன் கையெழுத்து அதில் கோணலாக இருக்கிறது. அழுதுகொண்டே போட்டால் அப்படித்தான். நான் திருத்தப்போவதில்லை.

விசில் இன்னும் ஜன்னல் கட்டையில்தான் இருக்கிறது, இந்தத் தடவையும் மறந்துவிட்டாய். ருக்கியா அதைத் துடைத்துவைத்திருக்கிறாள். நிக்கலஸ் அண்ணனையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வா, அவர் நடப்பதை இங்கே எல்லாரும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை நேரத்தோடு வந்துவிடு. கனகேஸ்வரி அக்கா மறுபடியும் தரையில் படுக்கச் சம்மதித்திருக்கிறார், உன் கை பக்கத்தில் இருந்தால் மட்டும்.

நாச்சம்மை